வெண்ணெய்க் கணக்கில் கிடைத்த குடும்பம்

எங்கள் வீட்டுப் பத்திரத்தில் தெருப் பெயரோ கதவு எண்ணோ கிடையாது. சாஸ்கட்டூனிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் தள்ளி, கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கிற மனை அது. பத்திரத்தில் இருப்பதெல்லாம் நில அளவை எண்தான்: எந்தக் கால்பகுதி, எந்த செக்‌ஷன், எந்த டவுன்ஷிப், எந்த ரேஞ்ச், எந்த மெரிடியனுக்கு மேற்கே. அந்த ஒற்றை வரியைக் கையில் வைத்துக்கொண்டு, நூறு வருஷத்துக்கு முன்னால் இதே மண்ணில் குடியேறிய குடும்பத்தைத் தேடிப் போனேன். முக்கியமாக அந்த வீட்டுப் பெண்ணை. கனடாவின் புல்வெளி மாகாணங்களில் (மனிடோபா, சாஸ்கச்சுவான், ஆல்பர்ட்டா) வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படும் என்பதால் வழியை விவரமாகவே எழுதுகிறேன்.

அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு டவுன்ஷிப் என்பது ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். அதற்குள் 36 செக்‌ஷன்கள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். ஒரு செக்‌ஷனை நான்காகப் பிரித்தால் 160 ஏக்கர், அதுதான் ஒரு கால்பகுதி. டவுன்ஷிப் எண் அமெரிக்க எல்லையிலிருந்து வடக்கே ஏறும். ரேஞ்ச் எண் மெரிடியனிலிருந்து மேற்கே ஏறும். எங்களுடையது மூன்றாவது மெரிடியன், அதாவது 106 டிகிரி மேற்குத் தீர்க்கரேகை. டவுன்ஷிப்புக்குள் செக்‌ஷன் எண்கள் தென்கிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே போகும். அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பும். இப்படியே வளைந்து வளைந்து வடகிழக்கு மூலையில் 36-இல் முடியும்.

எங்கள் செக்‌ஷன் எண் இரட்டைப்படை. அதைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்தது. 1872-ஆம் வருஷத்து டொமினியன் நிலச் சட்டப்படி, குடியேறுகிறவர்களுக்கு அரசு பத்து டாலர் கட்டணத்துக்கு 160 ஏக்கர் (இதற்குத்தான் ஹோம்ஸ்டெட் என்று பெயர்) கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் இரட்டைப்படைச் செக்‌ஷன்களில்தான். ஒற்றைப்படையில் பெரும்பகுதி ரயில்வேக்குப் போனது. 11, 29 இரண்டும் பள்ளிக்கூடங்களுக்கு. இரட்டைப்படையிலும் 8, 26 ஹட்சன் பே கம்பெனியின் பங்கு. ஆகவே உங்கள் எண் இரட்டைப்படையாக இருந்து 8, 26 இல்லையென்றால், உங்கள் மனைக்கு ஒரு ஹோம்ஸ்டெட் கோப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கோப்புக்குப் போகுமுன் ஒன்று சொல்லியாக வேண்டும். அரசாங்கத் தாள்களில் இந்த நிலம் காலி நிலம்போல எழுதப்பட்டிருக்கிறது. 1876-இல் க்ரீ மக்களும் பிற பூர்வகுடிகளும் அரசோடு செய்துகொண்ட ஆறாம் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட நிலம் இது. அவர்கள் நம்பி வாழ்ந்த காட்டெருமைக் கூட்டங்கள் வேட்டையில் அழிந்து, எலும்புகள் புல்வெளி முழுக்கச் சிதறிக் கிடந்தன. 1890-இல் சாஸ்கட்டூனுக்கு ரயில் வந்ததும் அந்த எலும்புகளைப் பொறுக்கி வண்டியில் கொண்டுவந்து தண்டவாளத்தின் ஓரம் மலையாகக் குவித்தார்கள். உரத்துக்கும் சர்க்கரை சுத்திகரிப்புக்கும் தெற்கே அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். இந்த ஊரின் ஆரம்பகால வியாபாரம் அது. அந்தக் குவியல்களின் புகைப்படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஹோம்ஸ்டெட் கோப்புகள் சாஸ்கச்சுவான் மாகாண ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1930 வரைக்குமான கோப்புகளுக்குப் பட்டியல் உண்டு. ஆள் பெயர் தெரியாவிட்டாலும் நில எண்ணை வைத்தே தேடலாம். கட்டணம் கட்டி நகல் கேட்டேன், வந்தது. ஒரே நிலத்துக்கு இரண்டு மூன்று பெயர்கள் வந்தால் பதற வேண்டாம். முதலில் பதிந்தவர் கைவிட்டுப் போனபின் அடுத்தவர் பதிந்திருப்பார். பட்டா வாங்கினவர் யார் என்று கடைசித் தாளில் தெரிந்துவிடும்.

எங்கள் நிலத்தின் குடியானவர் பதிந்தது 1904-இல். வருஷத்துக்கு ஆறு மாதமாவது வீதம் மூன்று வருஷம் குடியிருந்து, வீடு கட்டி, நிலத்தை உழுது காட்டினால்தான் பட்டா. அதற்காக அவர் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலம்தான் கோப்பின் உயிர். அச்சடித்த கேள்விகள், மையில் எழுதின பதில்கள். எந்த வருஷம் எத்தனை ஏக்கர் உடைத்தாய், எத்தனை ஏக்கர் விதைத்தாய்? மாடு, குதிரை, ஆடு, பன்றி எத்தனை? வீட்டின் அளவென்ன, இன்றைய மதிப்பென்ன? வேலி எவ்வளவு? நிலத்தில் கனிமமோ கல்குவாரியோ தென்படுகிறதா? கூடவே அண்டை நிலத்துக்காரர் இருவரின் சாட்சி வாக்குமூலம். முதல் வருஷம் சில ஏக்கர், அடுத்தடுத்து கூடிக்கொண்டே போகிறது. பலகை வீடு. புல்கட்டி மண்ணை வெட்டி அடுக்கிக் கட்டின தொழுவம். ஒரு கிணறு.

'உன் குடும்பத்தில் யார் யார்?' என்று ஒரு கேள்வி. பதில்: மனைவி, மூன்று பிள்ளைகள். அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெயர் கோப்பு முழுக்க எங்குமே இல்லை.

இது அந்த ஒரு குடியானவரின் குறையில்லை, சட்டமே அப்படி. கனடாவில் அப்போது கணவனுள்ள பெண்ணோ கல்யாணமாகாத பெண்ணோ ஹோம்ஸ்டெட் பதிய முடியாது; பிள்ளைகளோடு தனித்து நிற்கும் விதவை போன்றவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. எல்லைக்கு அந்தப்புறம் அமெரிக்காவில் தனிப்பெண்கள் பதிந்துகொண்டிருந்த காலம் அது. 1913-இல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு இங்கே ஒரு மனு போனது, பலிக்கவில்லை. புருஷன் நினைத்தால் மனைவியைக் கேட்காமலே நிலத்தை விற்றுவிடலாம் என்ற நிலையாவது 1915-இல் மாறியது. குடியிருக்கும் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ மனைவியின் சம்மதம் வேண்டும் என்று சாஸ்கச்சுவான் சட்டம் போட்டது. அந்தச் சட்டத்தின் வழித்தோன்றல் இன்றும் நடப்பில் இருக்கிறது. எங்கள் மனை கணவர் பெயரில் இருக்கிறது. அதன்மேல் கடன் எடுத்தபோது வக்கீல் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, யாரும் வற்புறுத்தாமல் நீங்களாகத்தான் சம்மதிக்கிறீர்களா என்று என்னைத் தனியாகக் கேட்டுக் கையெழுத்து வாங்கினார். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை பெண்களின் போராட்டம் இருக்கிறது என்று கோப்பைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவளைத் தேடியே ஆகவேண்டும் என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அடுத்த படி 1906-ஆம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கு. புல்வெளி மாகாணங்களுக்கென்றே தனியாக எடுத்தது. கனடாவின் தேசிய நூலக ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நில எண்ணோடேயே குடும்பங்களை எழுதியிருப்பதால், பெயர் எழுத்துப்பிழையோடு இருந்தாலும் நிலத்தை வைத்துப் பிடித்துவிடலாம். அங்கே அவள் இருந்தாள்: பெயர், வயது, பிறந்த நாடு, கனடாவுக்கு வந்த வருஷம். குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அக்கம்பக்கத்தில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. அதே வரியின் கோடியில் கால்நடைக் கணக்கு. குதிரைக்கு ஒரு கட்டம், கறவை மாட்டுக்குத் தனிக் கட்டம். அந்தக் கறவை மாட்டுக் கட்டத்தில் இரண்டு என்று போட்டிருந்தது.

அந்த இரண்டு கறவைகள்தான் என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போயின. கோதுமை வண்டியில் போய்த் திரும்ப ஒரு நாளில் முடிகிற தூரத்தில், எட்டுப் பத்து மைலுக்கு ஒரு ஸ்டேஷன் என்று ரயில்வே ஊர்களை வைத்துக்கொண்டே போனது. ஒவ்வொரு ஊரிலும் தானிய எலிவேட்டர் (தானியத்தைச் சேர்த்துவைத்து ரயிலில் ஏற்றும் உயரமான கிடங்கு), மரக்கடை, வாடகைக் குதிரை லாயம், கருமான் பட்டறை, தபாலாபீஸ், ஒரு பலசரக்குக் கடை. எங்கள் பக்கத்து ஊரின் அந்தக் கடை என்றோ மூடிப்போனது. அதன் கணக்குப் புத்தகங்கள் ஊர் மியூசியத்தில் இருக்கின்றன. கோடையில் மட்டும் திறக்கும், ஊர்ப் பெரியவர்களே பார்த்துக்கொள்ளும் சிறு மியூசியம்.

கணக்குப் புத்தகம் இரண்டு விதம். அன்றன்றைய விற்பனையை வரிசையாக எழுதுவது டே புக். ஆள்வாரியாக எழுதுவது லெட்ஜர். லெட்ஜரின் முன்பக்கத்தில் அகரவரிசைப் பட்டியல் இருக்கும், அதில் பக்க எண் பார்த்து நேரே போகலாம். நம் ஊர் அண்ணாச்சி கடைப் பற்று நோட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.

கணக்கு புருஷன் பெயரில்தான். இடப்பக்கத்தில் வீடு முழுக்க இருக்கிறது: தேயிலை, சர்க்கரை, ஓட்ஸ், உலர்ந்த ஆப்பிள், மண்ணெண்ணெய், விளக்குக் கண்ணாடி, ஈஸ்ட், பருத்தித் துணி, நூல்கண்டு, வண்டி அச்சுக்கு கிரீஸ், விதையைத் தோண்டித் தின்னும் தரையணிலுக்கு விஷம், அறுவடை நெருங்கும்போது கதிர்க்கட்டு கட்டும் சணல் கயிறு. பணம் என்ற சொல் வருஷத்தில் ஒரு தடவைதான் வருகிறது, இலையுதிர் காலத்தில் கோதுமை எலிவேட்டருக்குப் போன பிறகு. மற்ற மாதங்களில் வலப்பக்கத்தில் இருப்பது இரண்டே சொற்கள். வெண்ணெய், முட்டை. வெண்ணெய், முட்டை. மே மாதம் தொடங்கிப் பனி விழும்வரைக்கும் வாரம் தவறவில்லை. சில வரிகளில் பக்கத்திலேயே 'மிசஸ் மூலம்' என்று கடைக்காரர் குறித்திருக்கிறார்.

அந்த வலப்பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். கோடை மாதங்களில் வீட்டுச் சாமான் செலவின் பெரும்பகுதியை வெண்ணெயும் முட்டையுமே அடைத்திருக்கின்றன. 1906-07 பனிக்காலம் இந்தப் பக்கத்தில் யாரும் மறக்காத ஒன்று: ரயில்கள் பனியில் சிக்கி நிலக்கரி வராமல் ஊர்கள் தவித்தன, மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. அந்த மாதங்களில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கிறது, இடப்பக்கத்தில் கடன் ஏறிக்கொண்டே போகிறது. மே மாதம் மறுபடி முதல் வரி: வெண்ணெய், மூன்று பவுண்டு. கோப்பில் 'பயிரிட்ட ஏக்கர்' கூடிக்கொண்டு போன அதே வருஷங்களில் உலையை எரியவைத்தது இந்த வரிகள்தாம். பட்டா அவர் பெயரில் வந்ததற்கு இவள் கையின் உழைப்பு பாதிக் காரணம் என்று நான் துணிந்து சொல்வேன்.

மூன்று பவுண்டு வெண்ணெய் என்றால் என்ன வேலை என்பதை அந்த மியூசியத்துப் பாட்டி ஒருவர் செய்தே காட்டினார். அவருடைய அம்மாவும் இப்படி விற்றவர்தானாம். பாலை அகலத் தட்டுகளில் ஊற்றி ஆறவிட்டு ஏடு எடுக்க வேண்டும். மூன்று நாலு நாள் ஏட்டைச் சேர்த்து லேசாகப் புளிக்கவைத்து, பீப்பாய்க் கடைகலத்தில் ஊற்றிச் சுற்ற வேண்டும். நானும் சுற்றினேன். முதலில் கைப்பிடி லேசாகப் போகும். ஏடு கெட்டிப்படும்போது தோள் வலிக்கும். திடீரென்று உள்ளே சத்தம் மாறும், வெண்ணெய் மணிமணியாகத் திரண்டிருக்கும். அதோடு முடியவில்லை. மோரை வடித்து, கிணற்றுத் தண்ணீர் விட்டு அலசி, தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்ப அலசி, உப்பிட்டு, மரக்கரண்டியால் அழுத்தி மிச்ச ஈரத்தை வெளியேற்ற வேண்டும். ஈரம் நின்றால் காறல் வாடை வந்துவிடும். பிறகு ஒரு பவுண்டு மர அச்சில் அழுத்தி, காகிதம் சுற்றி, வெயிலேறுமுன் வண்டியில் ஏற்றி ஊருக்கு. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் அதுவரை கிணற்றுக்குள் வாளியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். கடைக்காரர் பெரும்பாலும் காசு தரமாட்டார், சாமான்தான். நல்ல வெண்ணெய்க்கும் சுமாரான வெண்ணெய்க்கும் பல கடைகளில் ஒரே விலை, ஏனென்றால் எந்தக் குடியானவளையும் பகைத்துக்கொள்ள முடியாது. சுத்தமாகச் செய்தவளுக்கு அது பெரிய அநியாயம் என்று பாட்டி இன்றைக்கும் ஆற்றாமையோடு சொன்னார்.

1905-இல் வினிபெக்கில் ஈட்டன்ஸ் கடை வந்த பிறகு, அதன் கேட்டலாகைப் பார்த்துத் தபாலில் சாமான் வரவழைப்பது இந்த வீடுகளில் பரவியது. அதற்குக் காசு வேண்டும். கடன் கொடுத்துப் பனிக்காலம் தாண்டவைத்தது உள்ளூர்க் கடைக்காரர்தான். ரொக்கம் மட்டும் வினிபெக்குக்குப் போகிறது என்ற அவர்கள் வருத்தம் நியாயமானதுதான் என்று அந்த லெட்ஜரின் வசூலாகாத பக்கங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது.

உங்கள் மனைக்கும் இப்படித் தேடுவதானால், ஆல்பர்ட்டாவிலும் 1870 முதல் 1930 வரைக்குமான ஹோம்ஸ்டெட் பதிவுகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருக்கிறது. 1916 கணக்கெடுப்பையும் சேர்த்துப் பாருங்கள், நடுவில் பிறந்த பிள்ளைகள் அதில் வருவார்கள். ஊர் மியூசியத்துக்குப் போவதற்கு முன் போன் செய்து, கடைக் கணக்குப் புத்தகம், க்ரீமரி (வெண்ணெய் ஆலை) ரசீது, மரக்கடைப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இவை காட்சிக்கு வைக்கப்படாமல் பெட்டியில்தான் கிடக்கும். பென்சில் மட்டும் கொண்டுபோங்கள். பக்க எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், இடப்பக்கத்தோடு வலப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எடுத்த நகல்களை அந்த மியூசியத்துக்கே ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள், அடுத்துத் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.