மான் போற வழிய மேப்ல ஏத்துனது

சிவகங்கை மாவட்டத்துல சிங்கம்புணரி, திருப்பத்தூர் பக்கம் புள்ளிமான் இருக்குன்னு ஊர்ல எல்லாருக்கும் தெரியும். ஆனா எந்தக் காட்டுத் துண்டுலேருந்து எந்தத் துண்டுக்கு எப்பிடிப் போகுதுன்னு மேப் போடச் சொன்னா அங்கதான் வேலையே ஆரம்பிக்குது.

டேட்டா கெடைக்கிறது பிரச்சினையே இல்ல, எங்க காடு, எங்க வயல், எங்க தண்ணின்னு சாட்டிலைட் படத்துலேருந்து பிரிச்சுக் காட்டுற ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தோட வேர்ல்ட்கவர் மேப் ஃப்ரீதான், 10 மீட்டர் பிக்சல், அதாவது ஒரு கட்டம் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அத க்யூஜிஐஎஸ்ங்கிற மேப் போடுற சாஃப்ட்வேர்ல ஏத்தி, ஒவ்வொரு வகை நெலத்தையும் மான் கடக்க எவ்ளோ கஷ்டம்னு நம்பர் போடணும், காடுன்னா 1, பெரிய ரோடுன்னா 100, இந்த மாதிரி. இதான் ரெசிஸ்டன்ஸ் லேயர். அத சர்க்யூட்ஸ்கேப்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்ல ஓட்டுனா கரண்டு பாயிற கணக்குலயே பல வழிய ஒண்ணாக் காட்டும், எல்லா வழியும் எங்க நெருக்கி ஒடுங்குதோ அந்த எடத்துல யாராவது ஒரு வீட்டுமனை லேஅவுட் போட்டு வேலி அடைச்சா மானுக்கு வழியே போச்சு.

நம்பர் போடுறதுதான் மண்டையிடி. சாட்டிலைட்டுக்கு தைலமரத் தோப்பும் மரம், சீமைக்கருவேலமும் மரம், கோயில்காடும் மரம். தைலமரத்துக்கு அடியில மான் நின்னு மேய என்ன இருக்கு? கடந்து போகும், அவ்ளோதான். அதனால அதத் தனியா கையால வரைஞ்சு பிரிச்சோம், செம போரு.

கண்மாய் இன்னும் மோசம். சாட்டிலைட் அத தண்ணின்னு போட்டு அடைச்சிருது. கலுங்குகிட்ட ஆடு மேய்ச்ச அப்பத்தா ஒருத்தவங்க, "ஏப்பா, தண்ணி கெடந்தா கரையோட போகும், காஞ்சுட்டா உள்ளுக்குள்ளயே போகும், இதுக்குப் போயி கம்ப்யூட்டரா?"ன்னு சிரிச்சுட்டு உள்ள கூட்டிட்டுப் போயி காட்டுனாங்க. வெடிச்சுக் கெடந்த வண்டல்ல கொளம்புத் தடம், பக்கத்துலயே ஆட்டுத் தடமும் இருந்துச்சு, மானோடது முன்னாடி கூரா இருக்கு. அதுக்கப்பறம் மழைக்கு ஒரு மேப், கோடைக்கு ஒரு மேப்னு ரெண்டாப் பிரிச்சுட்டோம். கோடை மேப்ல கண்மாய்க்குக் கண்மாய் தண்ணி போற வரத்துக்கால்தான் முக்கியமான வழி, ஆனா அது 10 மீட்டர் பிக்சல்ல பாதி எடத்துல தெரியவே இல்ல, பழைய கிராம வரைபடத்தப் பாத்துக் கோடு இழுத்தோம்.

மான் தவறி விழுற கைப்பிடிச்சுவர் இல்லாத கெணறு, மான வெரட்டுற ஊர் நாய் இதெல்லாம் இந்த மாதிரி எந்தக் கட்டம் கட்டமான மேப்லயும் (ராஸ்டர்) இருக்காது, கெணத்த நடந்துபோயி ஜிபிஎஸ்ல குறிச்சோம், நாய்க்கு ஊரச் சுத்தி கொஞ்ச தூரத்துக்கு ஒரு வளையம் (பஃபர்) போட்டோம். என்னக் கேட்டா சாஃப்ட்வேர விட இதுக்குத்தான் அதிகமா நாள் ஒதுக்கணும்.

இப்ப தேவாங்குக்கும் இதே மேப்ப வச்சுக்கலாமான்னு கேக்குறாங்க. அது மரத்துலயே திரியிற ஜீவன், கிளையோட கிளை தொடணும், அதுக்கு எல்லா நம்பரையும் மொதல்லேருந்து போடணும்.