யுவால்டியிலிருந்து 80 மைல்

மே 24, 2022, செவ்வாய், இரவு

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் கேள்விப்பட்டேன். யுவால்டியில் ஒரு தொடக்கப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. டெக்சஸில், எங்கள் சான் ஆன்டோனியோவிலிருந்து மேற்கே 80 மைல்தான், நான் வேலை பார்க்கும் மனநல கிளினிக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து கார் ஓட்டிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. சாயங்காலத்துக்குள் கவர்னர் இறந்தது 14 குழந்தைகள் என்றார். பாப்பாவைக் கூட்டிவரப் போனால் பள்ளி வாசலில் கார் வரிசை நகரவே இல்லை, எல்லாரும் இறங்கிப் போய் அவரவர் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பாப்பா நாலாம் வகுப்பு. அங்கே செத்ததும் நாலாம் வகுப்புப் பிள்ளைகள்தான். விடுமுறைக்கு இன்னும் இரண்டே நாள், காலையில்தான் பரிசளிப்பு நடந்திருக்கிறது, சான்றிதழோடு பிள்ளையைப் படம் எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போன பெற்றோர் அவர்கள்.

இப்போது 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள் என்கிறார்கள்.

என்ன சொல்வதென்று தெரியாமல் தோசை வார்த்துப் போட்டேன். அவளாகவே கேட்டாள், "அம்மா, அவங்க டிரில் பண்ணலையா?" என்று. விளக்கை அணைத்து, மூலையில் ஒட்டி உட்கார்ந்து, மூச்சுச் சத்தம்கூட வராமல் இருக்க அவளுக்குப் பழக்கியிருக்கிறார்கள். பண்ணியிருப்பாங்க கண்ணு என்றேன். அதற்குமேல் பேச முடியவில்லை.

மே 25, புதன்

வேலை முடிந்து ரத்தம் கொடுக்கப் போனேன். வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து நின்றது, பேச்சே இல்லை. முன்னால் நின்ற பெரியவர் போனில் கவர்னர் ஆபட்டின் பேட்டியைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். சுட்டவனுக்கு 18 வயது, அவனுக்குக் குற்றப் பதிவோ மனநல சிகிச்சைப் பதிவோ இருப்பதாகத் தெரியவில்லை என்று கவர்னரே சொல்கிறார். அதே மேடையில், இன்னொருவரைச் சுடுகிற எவருக்கும் மனநலப் பிரச்சினை இருக்கத்தான் செய்யும் என்றும் சொல்கிறார்.

பதினோரு வருடமாக மனநல நர்ஸாக இருக்கிறேன், இந்த வார்த்தையை இப்படிக் கேட்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. போன மாதம்தான் எல்லைப் பாதுகாப்புக்கென்று மனநலத்தையும் பார்த்துக்கொள்கிற மாநில சுகாதாரத் துறையிலிருந்து 211 மில்லியன் டாலரை எடுத்து மாற்றினார்கள். மனநல சிகிச்சை எளிதில் கிடைப்பதில் டெக்சஸ் நாட்டிலேயே கடைசி என்று போன வருட அறிக்கையே இருக்கிறது. எங்கள் கிளினிக்கில் மார்ச்சிலிருந்து ஒரு அம்மா வாரம் தவறாமல் போன் செய்கிறார், பதினேழு வயதுப் பையன், அப்பா இறந்ததிலிருந்து தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. வரிசையில் இருக்கிறான் அம்மா, கூப்பிடுகிறோம் என்றுதான் நானும் வாரம் தவறாமல் சொல்கிறேன்.

இன்று காலையில் பழைய நோயாளி ஒருவர், கடையில் கல்லாவில் வேலை செய்கிறவர், இருமுனைக் கோளாறுக்கு ஆறு வருடமாக ஒரு வேளை மருந்துகூடத் தவறவிடாதவர், போன் செய்து, "மறுபடியும் எங்களைத்தான் சொல்றாங்களா?" என்று கேட்டார். டியூக் பல்கலைக்கழகத்தின் மனநல ஆய்வாளர் ஜெஃப்ரி ஸ்வான்சன் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், தீவிர மனநோய் எல்லாமே நாளைக்கு அடியோடு குணமாகிவிட்டாலும் இந்நாட்டு வன்முறையில் குறையப்போவது சுமார் 4 சதவீதம்தான் என்று. அந்தக் கணக்கை அவருக்குச் சொன்னேன். அது அவருக்கு எந்த அளவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும், தெரியவில்லை.

மே 28, சனி

கோபியிலிருந்து அப்பா போன். "பாப்பா பள்ளிக்கூடம் அங்கிருந்து எவ்வளவு தூரம் சாமி?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம லோகநாதன் சாரையும் இப்படித்தானே கண்ணு பண்ணுனாங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பேராசிரியர் ஜி.வி. லோகநாதன், கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர், அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் சிவில் எஞ்சினியரிங் சொல்லிக்கொடுத்தவர். 2007 ஏப்ரல் 16 அன்று நாரிஸ் ஹாலில் 206-ஆம் எண் அறையில் நீரியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அன்று மொத்தம் 32 பேர். நான் அப்போது கோயம்புத்தூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன், பேப்பரில் வந்த அவர் படத்தை ஹாஸ்டலில் ஆளுக்கு ஆள் கைமாற்றிப் பார்த்தது நினைவிருக்கிறது.

ராத்திரி இவர் கேட்டார், "அந்தக் கேஸில் மனநலம்தானே காரணம்? நீயே சொல்லியிருக்கியே" என்று. நியாயமான கேள்விதான். சுட்ட அந்த மாணவன் தனக்குத்தானே ஆபத்தானவன் என்று 2005 டிசம்பரிலேயே நீதிமன்றம் சொல்லி, வெளிநோயாளியாகச் சிகிச்சை எடுக்க உத்தரவிட்டிருந்தது. மத்திய சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கவே கூடாது. ஆனால் மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்க உத்தரவானவர்களின் பெயரைத்தான் வர்ஜீனியா அப்போது துப்பாக்கி விற்கக் கூடாதவர்களின் தேசியப் பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது, இவன் பெயர் போகவே இல்லை, கடையில் பின்னணிச் சோதனை இரண்டு முறையும் 'பரவாயில்லை, விற்கலாம்' என்றே வந்தது. அந்த ஓட்டையை அடைக்க 2008 ஜனவரியில் ஒரு சட்டம் போட்டார்கள். ஆக அங்கே நோய் இருந்தது உண்மை, யாரும் மறுக்கவில்லை. ஆனால் துப்பாக்கியை அவன் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு காகிதம் இன்னொரு மேஜைக்குப் போகாததுதான்.

யுவால்டிக்குப் பத்து நாள் முன்னால் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் பத்துப் பேரைக் கொன்றானே, அவனும் 18 வயதுக்காரன். போன வருடம் பள்ளியில் மிரட்டலாக ஏதோ எழுதியதற்கு அவனை மனநலப் பரிசோதனைக்கு அழைத்துப்போயிருக்கிறார்கள். ஆபத்தானவரிடமிருந்து கோர்ட் மூலம் துப்பாக்கியை விலக்கி வைக்கும் சட்டம் நியூயார்க்கில் 2019-லிருந்து இருக்கிறது. அவன் விஷயத்தில் யாரும் அதை எடுக்கவில்லை. டெக்சஸில் அப்படி ஒரு சட்டமே கிடையாது.

ஜூன் 5, ஞாயிறு

நண்பர் வீட்டில் சாப்பாடு, ஆளுக்கொரு பதார்த்தம். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோனேன். பேச்சு துப்பாக்கிக்குப் போகாமல் இருக்குமா. அங்கிருந்த எட்டுத் தமிழ்க் குடும்பத்தில் மூன்று வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது எனக்கு இன்றுதான் தெரியும். நண்பர் சொல்கிறார், "இல்லம்மா, போன வருஷம் பக்கத்துத் தெருவில் திருட்டு நடந்துச்சு, ஒரு பாதுகாப்புக்குத்தானே, கட்டில் பக்கத்து டிராயரில் இருக்கு." பூட்டு உண்டா என்று கேட்டேன். அவசரத்துக்கு எடுக்க வேண்டாமா என்றார். அவருடைய பதினைந்து வயது மகன் எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் எலுமிச்சை சாதத்தை இரண்டாவது முறை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

மனநலத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உண்மையான சம்பந்தம் அந்த டிராயரில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 2020-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 45,222 பேர். அதில் 24,292 பேர் தற்கொலை. பாதிக்கு மேல். டிவியில் நாள் முழுக்க ஓடுகிற கூட்டுக் கொலைகள் இந்தக் கணக்கில் மிகச் சிறிய பங்கு. நான் தினமும் பார்க்கிறவர்கள் யாரையும் கொல்லப் போகிறவர்கள் இல்லை, அவர்களுக்கு ஆபத்து அவர்களிடமிருந்தே வருகிறது, அதுவும் ஒரு கெட்ட ராத்திரியில், சில நேரம் பத்து நிமிஷத்தில். அந்தப் பத்து நிமிஷம் துப்பாக்கி கைக்கு எட்டாமல் இருந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் பிழைத்து எழுந்து வருகிறார்கள், திரும்ப வாழ்கிறார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காரில் வரும்போது இவர், நாமும் ஒன்று வாங்கலாம் என்று இருந்தேன், வேண்டாம் விடு என்றார்.

ஜூன் 9, வியாழன்

நேற்று வாஷிங்டனில் துப்பாக்கி வன்முறை பற்றி நாடாளுமன்றக் குழுவின் விசாரணைக் கூட்டம். யுவால்டியின் குழந்தைகள் நல மருத்துவர், சூடு நடந்த அதே ராப் பள்ளியில் படித்தவர், தான் பார்த்ததைச் சொன்னார். குண்டு அப்படிச் சிதைத்திருந்ததால், உடுப்பில் இருந்த கார்ட்டூன் படத்தை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளை அடையாளம் காண முடிந்ததாம். பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் முழுவதையும் பார்த்தேன். அவர் அதைச் சொல்ல முடிந்திருக்கிறதே, நாம் கேட்கவாவது வேண்டும்.

இன்று கிளினிக்கில் ஒரு பெரியவர் (விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்). முன்னாள் ராணுவத்தார், மனைவி இறந்து எட்டு மாதம். எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்டேன், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று. முகம் இறுகிவிட்டது. பிடுங்கிக்கொள்ள வந்தவள் என்று நினைத்துவிட்டார். அலமாரியிலிருந்து கேபிள் பூட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன். விரல் கனத்தில் ஒரு கம்பி, மேலே பிளாஸ்டிக் உறை, நுனியில் சின்னப் பூட்டு, இரண்டு சாவி. குண்டு ஏறுகிற வழியில் நுழைத்துப் பூட்டிவிட்டால் அந்தத் துப்பாக்கியில் குண்டு ஏறாது. அவர் எடுத்து வளைத்துப் பார்த்தார், சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார், இந்த வேலையெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ரொம்ப நேரம் கழித்து, "ஒரு சாவியைத் தம்பிகிட்ட கொடுக்கிறேன், இன்னொண்ணு எங்கிட்ட வேண்டாம்" என்றார். இரண்டு சாவியையும் தம்பி வீட்டுக்கே அனுப்புவது என்று முடிவானது. வெளியே வந்து கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதேன்.

ஜூன் 25, சனி

புதிய துப்பாக்கிச் சட்டத்தில் பைடன் கையெழுத்துப் போட்டுவிட்டார். செனட்டில் 65-33, எங்கள் டெக்சஸின் குடியரசுக் கட்சி செனட்டர் கார்னினும் ஆதரவு, அதற்காகப் போன வாரம் ஹூஸ்டனில் சொந்தக் கட்சி மாநாட்டிலேயே அவரைக் கூச்சலிட்டு ஏசினார்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவர் துப்பாக்கி வாங்கினால் சிறுவயதுப் பதிவுகளையும் பார்க்கப் பத்து வேலை நாள் வரை அவகாசம், பள்ளிகளில் மனநலத்துக்குப் பணம், ஆபத்தானவரிடமிருந்து கோர்ட் மூலம் துப்பாக்கியை விலக்கும் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்களுக்கு உதவி. வாங்கும் வயதை 21 ஆக்கவில்லை. பார்க்கப்போனால் முப்பது வருடத்தில் வந்த பெரிய சட்டம் இதுதான், குறை சொல்ல மனம் வரவில்லை, போதும் என்று சொல்லவும் வரவில்லை. செனட் ஓட்டுப் போட்ட அதே 23-ஆம் தேதிதான், வெளியே துப்பாக்கி எடுத்துப்போகும் உரிமையை உச்ச நீதிமன்றம் இன்னும் விரித்துக் கொடுத்தது.

ஜூலை 17, ஞாயிறு

நேற்றிலிருந்து நாடு முழுக்க 988. மனம் உடைந்து நிற்கிறவர்கள் அந்த மூன்று எண்ணை அழுத்தினால் போதும். கிளினிக் சுவரில் ஒட்ட பெரிய எழுத்தில் நானே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று டெக்சஸ் சட்டமன்றக் குழுவின் யுவால்டி அறிக்கை வந்தது. 376 காவலர்கள் வந்து சேர்ந்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த வகுப்பறைக்குள் போகவில்லை என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். நான் சுட்ட அந்தப் பையனைப் பற்றிய பக்கங்களைப் படித்தேன். சின்ன வயதிலிருந்து பேச்சில் சிரமம், அதற்கென்று உதவி கிடைக்கவில்லை. வருடத்துக்கு நூறு நாளுக்கு மேல் பள்ளிக்கு வராமல் இருந்திருக்கிறான், கடைசியில் பெயரை நீக்கிவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் தாண்டவில்லை. அவன் செய்ததை இது எதுவும் கழுவிவிடாது.

ஆனால் ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. 18 ஆகும் முன்னால், தனக்குத் துப்பாக்கி வாங்கித் தரச் சொல்லிக் குறைந்தது இரண்டு பேரிடம் கேட்டிருக்கிறான். இரண்டு பேரும் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். மே 16 பிறந்தநாள். அதற்கு அடுத்த நாளே கடையில் காசு கொடுத்து வாங்கிவிட்டான். முடியாது என்று சொல்லும்படி அங்கே யாரையும் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை.

நாளைய பட்டியலைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு அந்தப் பதினேழு வயதுப் பையன், மார்ச்சிலிருந்து காத்திருந்தவன். அம்மாவும் கூட வருகிறார். அவனை டாக்டரிடம் அனுப்பிவிட்டு அவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்க வேண்டும், வீட்டுக்காரர் வைத்திருந்த துப்பாக்கி ஏதாவது இன்னும் வீட்டில் இருக்கிறதா, எங்கே இருக்கிறது என்று. பூட்டுகள் ஏழுதான் மிச்சம், இன்னொரு பெட்டி சொல்லிவிட வேண்டும்.