கபட்டும் அலுமாரியும்

நேற்றுப் பின்னேரம் பெறாமகள் இங்கிலிஷ் புத்தகம் வாசிச்சுக்கொண்டு இருந்தவள் 'கப்-போர்ட்' எண்டு அழுத்திச் சொன்னாள், நான் உடன, இல்லையம்மா, அதில 'p' எழுத்து இருக்கும் ஆனா சத்தம் வராது, 'கபட்' எண்டுதான் சொல்லவேணும் எண்டன். "அப்ப ஏன் சித்தி அதை எழுதுறவை?" நல்ல கேள்வி. கப் எண்டா எங்கட பேணி, போர்ட் எண்டா பலகை, அந்தக்காலத்தில மேசையையும் அப்பிடித்தான் சொன்னவை, பேணியளை அடுக்கி வைக்கிற மேசைக்குத்தான் முதல் அந்தப் பேர், கதவு போட்ட அலுமாரிக்கு வந்தது பிறகுதான். வாய் சுருக்கிப்போட்டுது, எழுத்து பழசை விடேல்ல.

எனக்கு அதைவிட ஆசை எங்கட அலுமாரியில, அது போர்த்துக்கீசரின்ர 'அர்மாரியோ', 1619ல யாழ்ப்பாணத்தைப் பிடிச்ச ஆக்கள் எப்பவோ போயிட்டினம், சொல்லு மட்டும் இன்னும் வீட்டுக்குள்ள நிக்குது. அம்மம்மான்ர அலுமாரியைத் திறந்தா இப்பவும் கற்பூரமும் பழஞ்சீலையும் மணக்கும்.