ஸ்டோமா பையும் நோயாளி கேட்காத கேள்வியும்

செவிலியர் மாணவிகள் எழுதிவரும் பராமரிப்புத் திட்டங்களைத் திருத்தும்போது ஒரு வரி மட்டும் எனக்கு அலுத்தே போய்விட்டது. மலக்குடல் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டு வயிற்றில் மலம் சேரும் பையோடு படுத்திருப்பவரைப் பற்றி, ‘உடல் தோற்றம் குறித்த மனக்கலக்கம்’ என்று மாணவி சரியாகவே கண்டறிந்திருப்பார். அதற்கு என்ன செய்யப்பட்டது என்ற கட்டத்தில் ‘மனத்தைரியம் அளிக்கப்பட்டது’ என்று எழுதியிருப்பார். யார் அளித்தார், என்ன சொல்லி அளித்தார் என்பதற்கு அங்கே விடை இருக்காது. பாலுறவுக்கான கட்டத்திலோ ‘திருமணமானவர், இரண்டு குழந்தைகள்’ என்ற தகவலோடு எழுத்து நின்றுவிடும்.

மலக்குடலின் அடிப்பகுதியில் புற்று இருந்து, ஆசனவாயையும் சேர்த்து அகற்ற வேண்டி வரும்போது, பெருங்குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கத்தில் வெளியே கொண்டுவந்து தைத்துவிடுகிறார்கள். ஸ்டோமா எனப்படும் அந்தத் திறப்பில் சுருக்குத்தசை கிடையாது என்பதால், மலமும் காற்றும் வரும் நேரம் இனி அவர் கையில் இல்லை. வளர்ந்த மனிதர் ஒருவர் தன்னைப் பற்றிக் கொண்டிருந்த மதிப்பில் பாதி இந்த ஒரு வரியிலேயே ஆட்டம் கண்டுவிடுகிறது. இதை ஆறுதல் வார்த்தைகளால் மட்டும் ஈடுகட்ட முடியும் என்று நான் நம்பவில்லை.

தன்மதிப்பைக் காக்கும் வேலை அறுவைக்கு முன்பே, ஸ்டோமா எங்கே அமைய வேண்டும் என்று வயிற்றில் குறியிடும்போதே தொடங்குகிறது என்பேன். நோயாளியைப் படுக்கவைத்து மட்டும் பார்த்தால் போதாது. உட்காரவும் நிற்கவும் குனியவும் சொல்லி, தோல் மடியும் இடங்களையும் பழைய தழும்புகளையும் இடுப்பெலும்பின் மேட்டையும் தவிர்த்து, அவர் கண்ணுக்கு எட்டும் இடமாக, வயிற்றின் முன்புறம் நெடுக்காக ஓடும் நேர்தசைக்குள் அமையும்படி குறியிட வேண்டும். பெல்ட் அணியும் இடத்தைத் தவிர்க்கச் சொல்கின்றன பாடநூல்கள். நாம் பார்க்க வேண்டியது வேட்டி இறுக்கிக் கட்டும் இடத்தையும் பாவாடை நாடா பதியும் இடத்தையும். தண்ணீர்க் குடத்தை இடது இடுப்பில் வைத்துப் பழகிய பெண்ணாக இருந்தால் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அவரவர் உடையிலேயே வரச்சொல்லிக் குறியிடுவது நல்லது. மடிப்பில் அமைந்த ஸ்டோமாவில் பை சரியாக ஒட்டாது. ஒட்டாத பை கசியும். ஒருமுறை பேருந்தில் கசிந்துவிட்டால் அதன்பிறகு அவர் கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் போகமாட்டார். பையின் விலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. ஒரே பையைக் கழுவிக் கழுவிப் போட்டுக்கொள்பவரிடம் வாடையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்று சொல்வதில் பொருளில்லை.

ஸ்டோமா பராமரிப்பு என்ற இந்தத் துறையைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் செவிலியரே அல்லர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. சிறுகுடலின் முனையை வயிற்றில் வெளியே கொண்டுவரும் இலியோஸ்டமி அறுவையைத் தானும் செய்துகொண்டவரான நார்மா கில் என்ற அமெரிக்கப் பெண்மணியை, அறுவை மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல் 1958-இல் கிளீவ்லாந்து கிளினிக்கில் மற்ற நோயாளிகளுக்கு உதவ நியமித்தார். 1961-இல் அங்கேயே இதற்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வயிற்றில் பையோடு நடமாடும் ஒருவர் கட்டிலருகே வந்து நிற்பதே நோயாளிக்குப் பாதிப் பதிலாகிவிடும். இன்றும், நன்றாகத் தேறிய பழைய நோயாளி ஒருவர் சம்மதித்தால், புதியவரோடு அவரைச் சந்திக்கவைப்பது எந்த அறிவுரையையும் விடப் பயனுள்ளது.

முதல் முறை பை மாற்றும்போது நோயாளி ஸ்டோமாவைப் பார்ப்பதைவிட நம் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். மூக்கு சுருங்குகிறதா, அவசரமாக முடிக்கப் பார்க்கிறோமா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். திரையை இழுத்துவிட்டு, உதட்டின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருப்பதே ஆரோக்கியமான ஸ்டோமா என்றும், தொட்டால் வலிக்காது என்றும் சொல்லியபடி நிதானமாகச் செய்ய வேண்டும். பார்க்க விரும்பாதவரை அன்றே வற்புறுத்த வேண்டியதில்லை. மறுநாள் பையின் கிளிப்பை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம்.

நம் வார்டுகளின் வழக்கம் ஒன்றோடு எனக்கு உடன்பாடில்லை. பை மாற்றுவதை நோயாளியை விட்டுவிட்டு அவர் மனைவிக்குக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகிறோம். கை நடுங்கும், கண் தெரியாத முதியவருக்கு வேறு வழியில்லை. தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய நாற்பது வயதுக்காரருக்கு இப்படிச் செய்யும்போது, அவரிடம் மிச்சமிருந்த தன்னிறைவையும் நாமே பறித்துவிடுகிறோம். நாள்தோறும் மலம் துடைத்துப் பை மாற்றுபவராகிவிட்ட மனைவியை இரவில் மனைவியாக நெருங்க அவர் கூசுவார்; மனைவிக்கும் அந்தக் கூச்சம் இருக்கும். ஆகவே முதலில் நோயாளிக்கும், உதவிக்கு மட்டும் துணைவருக்கும் கற்றுத்தருவதே முறை.

மலக்குடலை ஒட்டியே செல்லும் இடுப்புப்பகுதித் தானியங்கு நரம்புகள் இந்த அறுவையில் பாதிக்கப்படக்கூடும்; ஆண்களுக்கு விறைப்பும் விந்து வெளியேற்றமும் குறையலாம், பெண்களுக்கு வறட்சியும் உறவின்போது வலியும் வரலாம். கதிர்வீச்சு இவற்றை அதிகமாக்கும். அதனால் இதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன்பே பேசிவிட வேண்டும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் இளைஞருக்கு, சிகிச்சை தொடங்குமுன் விந்தணுவைச் சேமித்துவைக்கும் வழியையும் சொல்ல வேண்டும்.

பாலுறவுச் சிக்கல்களை அணுக ஜாக் அனான் என்ற உளவியலாளர் 1976-இல் வகுத்த பிலிசிட் (PLISSIT) முறையில் நான்கு படிகள் உண்டு: பேச அனுமதி தருவது, தேவையான அளவு தகவல் சொல்வது, குறிப்பான யோசனைகள் கூறுவது, தீவிர சிகிச்சைக்கு அனுப்புவது. இவற்றில் முதல் படிக்கு ஒரு செவிலியரின் இரண்டு நிமிடமே போதும். உறவினரை வெளியே அனுப்பிவிட்டு, “இந்த ஆபரேஷன் செய்துகொண்ட பலருக்கும் கணவன் மனைவி உறவில் சந்தேகங்கள் வருவதுண்டு. உங்களுக்கும் இருந்தால் என்னிடம் கேட்கலாம் ஐயா” என்று சொன்னால் போதும். அன்றே யாரும் கேட்டுவிடுவதில்லை. மறுபரிசோதனைக்கு வரும்போது, பையின் அளவைப் பற்றிப் பேசிக்கொண்டே, “எப்பவும் போல சேர்ந்து இருக்கலாமா சிஸ்டர்?” என்று பெரும்பாலும் மனைவிதான் கேட்பார்.

அப்போது சொல்ல வேண்டியவை எளியவை. ஆசனவாயை அகற்றிய இடத்துக் காயம் முழுமையாக ஆறியதை மருத்துவர் பார்த்து உறுதிசெய்திருக்க வேண்டும். பையை முன்னதாகவே காலிசெய்து, ஒட்டியிருப்பதைச் சரிபார்த்து, துணி உறை போட்டுக்கொள்ளலாம். பக்கவாட்டில் படுத்தால் பை அழுந்தாது. வறட்சிக்கு நீர் கலந்த வழுவழுப்பான ஜெல் கிடைக்கிறது. ஸ்டோமாவை ஒருபோதும் உறவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் கூசாமல் சொல்லியாக வேண்டும். அங்கே வலி தெரியாது என்பதால் காயம்பட்டாலும் உடனே புரியாது. விறைப்பின்மைக்குச் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடமும், தீராத வலிக்கு மகளிர் நோய் மருத்துவரிடமும் அனுப்பிவைக்க வேண்டும்.

இந்தப் பேச்சிலிருந்து நாம் வழக்கமாக விலக்கிவைப்பவர்கள் முதியவர்களும் திருமணமாகாதவர்களும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு இதெல்லாம் எதற்கு என்பது நம் அனுமானமே தவிர, அவரிடம் கேட்டறிந்தது அன்று. திருமணமாகாத பெண்ணின் சார்பில் எல்லாக் கேள்விகளையும் தாயே கேட்டு, பதிலையும் தாயே வாங்கிக்கொள்கிறார். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வரப்போகிறவரிடம் எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பது அவள் முடிவு. அதைப் பற்றிப் பேச அவளுக்கு விருப்பமிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, “அம்மா, நீங்கள் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள்” என்று தாயை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வேண்டியிருக்கிறது.