பெருங்காய டப்பாவுக்குள் என்ன இருந்தது

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. மூன்று வயதில் ஒரு துண்டு ரொட்டியால் இது தெரியவந்தது. அன்றோடு சிங்கப்பூரில் உள்ள எங்கள் வீட்டில் சப்பாத்தி, பரோட்டா, ரவை எல்லாம் நின்றன. சோயா சாஸைக்கூட மாற்றினோம், அதிலும் கோதுமை சேர்ப்பார்கள். சோறும் ரசமும் இருக்கும்போது என்ன கவலை என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ரசமே காலை வாரிவிட்டது. போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரசம் சாதம் சாப்பிட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அவள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் சிவப்பாகத் தடித்து வந்தது. உதடு வீங்கத் தொடங்கியதும் டாக்சி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம்.

அன்றிரவு அவள் தூங்கிய பிறகு, ரசத்தில் போட்ட ஒவ்வொன்றையும் மேசைமேல் எடுத்து வைத்தேன். புளி, தக்காளி, மிளகு, சீரகம், பூண்டு, துவரம் பருப்பு. எதிலும் கோதுமை இல்லை. பெருங்காய டப்பாவில் அரிசி மாவு என்றுதான் போட்டிருந்தது. அதைப் பார்த்துத்தானே இத்தனை நாள் வாங்கிவந்தேன்.

பக்கத்தில் நின்ற அத்தை மெதுவாகச் சொன்னார்: “அது தீந்துபோச்சும்மா. நேத்து வாங்கின பாக்கெட்டைத்தான் அதுல கொட்டி வச்சேன்.”

சமையலறைக் குப்பைப் பையைக் கட்டி வைத்திருந்தோம், இன்னும் கீழே போடவில்லை. பிரித்துக் கிளறினேன். தேயிலைத் தூளும் வெங்காயத் தோலும் ஒட்டிய அந்த உறையைத் தண்ணீரில் கழுவி விளக்கடியில் பிடித்துப் பார்த்தால், பொருள்களின் வரிசையில் முதலில் இருப்பதே கோதுமை மாவு. பெருங்காயம் அதற்கும் பின்னால்.

பெருங்காயம் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பிசின். தனியாகப் பொடி செய்து பயன்படுத்தச் சிரமமான அளவுக்கு நெடியும் பிசுபிசுப்பும் உள்ளது. அதனால்தான் மாவும் கோந்தும் கலந்து விற்கிறார்கள். எந்த மாவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

சிங்கப்பூர் விதிப்படி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் உணவில் சேர்ந்த பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய கோதுமை போன்ற தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், வேர்க்கடலையும் சோயாவும், பால், முந்திரி பாதாம் வகை ஆகியவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உணவு கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அதையும். அந்த உறையில் எல்லாம் சரியாகவே இருந்தது. கசக்கி எறிந்தது நாங்கள்.

பாக்கெட்டைப் பிரித்து டப்பாவில் கொட்டுவது நம் சமையலறைப் பழக்கம். என் அம்மாவும் அப்படித்தான் செய்தார். இப்போது எங்கள் வீட்டில் உறையின் பின்பக்கத்தை வெட்டி டப்பாவில் ரப்பர் பேண்ட் போட்டு மாட்டிய பிறகுதான் உள்ளே இருப்பதைக் கொட்டலாம்.

சொந்தக்காரர்கள் பச்சைப் புள்ளியைக் காட்டி “இது சைவம்தானே, கொடு” என்பார்கள். அது இந்தியாவின் சைவ முத்திரை. கோதுமையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2022 டிசம்பர் கடைசியில் சிங்கப்பூரில் பானங்களுக்கு வந்த ஏ, பி, சி, டி தரக்குறியீடும் அப்படித்தான், சர்க்கரைக்கும் நிறைவுற்ற கொழுப்புக்கும் மட்டும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது ஒரு சாம்பார் பொடிப் பாக்கெட்டில். இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பதற்காக ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடம், சேர்ந்த பொருள்களின் பட்டியல்மேல். கடைத் தம்பியிடம் காட்டினேன். “வர்றப்பவே இப்படித்தாங்க்கா வருது” என்றார். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். அடியில் இருந்தது கூட்டுப் பெருங்காயம், அடைப்புக்குறிக்குள் கோதுமை. முகவரி தெரிந்து நான் என்ன செய்வது?

தட்டில் குவித்து, நம் கண்ணெதிரே நிறுத்துக் கொடுக்கும் முறுக்குக்கும் மிக்சருக்கும் இந்த விதி கிடையாது. அங்கே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைக்காரருக்கே தெரியாவிட்டால் நான் வாங்குவதில்லை, தீபாவளியாக இருந்தாலும் சரி.

இன்னொன்று, விவரங்கள் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. அத்தைக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். அந்த ஞாயிறுக்குப் பிறகு அவர் ஒரு வாரம் ரசமே வைக்கவில்லை. அப்புறம் ஒருநாள் காகிதத்தை நீட்டி, கோதுமையை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். ஐந்து எழுத்து. பெரிய எழுத்தில் ஒரு தடவை, சின்ன எழுத்தில் ஒரு தடவை எழுதிக் கொடுத்தேன். அந்தச் சீட்டு இப்போது அவர் பர்ஸில் இருக்கிறது. போன சனிக்கிழமை தேக்கா சந்தையில், மசாலா அடுக்கின் முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு கையில் பாக்கெட், ஒரு கையில் சீட்டு, ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்று பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டு நான்காவதை என்னிடம் கொடுத்தார்.

“நீயும் ஒருதரம் பாரு.”