கணவாயைத் தின்றவர்கள் சொன்ன சேதி: சிங்கப்பூர்ப் பயணக் குறிப்பு

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் 2015ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்திற்குக் குழந்தைகளோடு வருகிறவர்கள், நேராக டைனோசர் எலும்புக்கூடுகளின் முன்னால் போய் நின்றுவிடுகிறார்கள். நான் தேடிப் போனது அங்கிருக்கும் எண்ணெய்த் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை. 2015 ஜூலை 10 அன்று ஜூரோங் தீவுக்கு அருகே இறந்து மிதந்த பெண் திமிங்கிலம் அது, நீளம் 10.6 மீட்டர். உடலில் பெரிய காயம் இருந்ததால் கப்பல் மோதியிருக்கலாம் என்று கருதினார்கள். நாடு பொன்விழா கொண்டாடிய ஆண்டு என்பதால் அதற்கு ‘ஜூபி லீ’ என்று பெயரிட்டு, எலும்புகளைத் துப்புரவு செய்து, மறு ஆண்டே காட்சிக்கு வைத்தார்கள். அதன் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் குப்பை கிடந்தது. கூடவே கணவாய்களின் அலகுகளும் கிடந்தன.

அந்த அலகுகளுக்காகத்தான் நான் போனேன். தூத்துக்குடியில் பிறந்து, ஊசிக் கணவாயும் ஓட்டுக் கணவாயும் தின்று வளர்ந்தவன் நான். இந்தப் பிராணியைப் பற்றி மனிதர் அறிந்தவற்றில் பெரும்பகுதி, அதைத் தின்றவர்களின் வயிற்றிலிருந்தும் கையிலிருந்தும்தான் கிடைத்திருக்கிறது என்பது படிக்கப் படிக்க எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கணவாயின் உடலில் பெரும்பகுதி மென்தசை. வாயிலுள்ள அலகோ கைட்டின் என்ற கடினப் பொருளும் புரதமும் சேர்ந்து ஆனது; நுனியில் கருத்து இறுகியும், தசையோடு சேரும் அடிப்பகுதியில் நெகிழ்ந்தும் இருக்கும். திமிங்கிலத்தின் வயிறு மற்றவற்றைக் கரைத்துவிட்டாலும் அலகை எளிதில் கரைக்க முடியாது. வாந்தியாக வெளியேறாமல் குடலுக்குள் இறங்கும் அலகுகளைச் சுற்றித்தான், வாசனைத் திரவியங்களில் சேர்க்கும் அம்பர் என்ற மெழுகு போன்ற பொருள் உருவாகிறது என்று கருதுகிறார்கள். நம் கடற்கரை மாவட்டங்களில் அம்பர் கடத்தினார்கள், பிடிபட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம், அதன் மூலத்தில் ஒரு கணவாயின் வாய் இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

நார்வேயின் பெர்கன் நகர ஆயராக இருந்த எரிக் பொந்தொப்பிடான், 1750களில் வெளியிட்ட தம் இயற்கை வரலாற்று நூலில், தீவுக்கூட்டம் போல முதுகு தெரிய மேலெழும் கிராக்கன் என்ற கடல் பூதத்தை விவரித்தார். அந்தக் கதைக்குள் உண்மையான ஒரு பிராணி ஒளிந்திருக்கலாம் என்று காட்டியது ஓர் அலகுதான். டென்மார்க்கில் கரை ஒதுங்கிய பெருங்கணவாய் ஒன்றின் அலகை வைத்துக்கொண்டு, யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற விலங்கியலாளர் 1857இல் அதற்கு ஆர்க்கிடியூத்திஸ் என்று பெயரிட்டார். அதைவிடப் பருத்த இன்னொரு பேரினம் 1925இல் அறிவியலுக்குத் தெரியவந்ததும், எண்ணெய்த் திமிங்கிலத்தின் வயிற்றில் கிடைத்த கைகளைக் கொண்டுதான். அது தன் வாழிடத்தில் உயிரோடு நீந்துவதைப் படம்பிடிக்க 2025 வரை, ஒரு முழு நூற்றாண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் அகப்பட்டது ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் நீளமுள்ள குஞ்சுதான். ஆர்க்கிடியூத்திஸை 2004இல் ஒகசவாரா தீவுகளருகே முதன்முதலாகக் கடலின் ஆழத்தில் நிழற்படம் எடுத்த ஜப்பானிய ஆய்வாளர் சுனேமி குபோதேரா, எண்ணெய்த் திமிங்கிலங்கள் எங்கே கூடுகின்றன என்று பார்த்தே தம் இடத்தைத் தேர்ந்தெடுத்தார். கணவாய் எங்கே இருக்கிறது என்பதைத் திமிங்கிலத்தைவிட நன்றாக அறிந்தவர் யார்?

உயிருள்ள கணவாயைப் பார்க்க விரும்பினால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலுள்ள பெடோக் படகுத்துறைக்கு இருட்டிய பின் போக வேண்டும் என்று என் அத்தை மகன் சொல்லி, அவனே அழைத்தும் போனான். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று எல்லோரும் தூண்டிலோடு நிற்கும் நீண்ட பாலம் அது. அங்கே கணவாய்க்குச் சோத்தோங் என்ற மலாய்ப் பெயர்தான். தமிழரும் அப்படியே சொல்கிறார்கள். மந்தமாக விழிப்பவனைச் சோத்தோங்கோடு ஒப்பிட்டுக் கேலி செய்வது இந்நாட்டு வழக்கம். முதுகெலும்பில்லாத உயிர்களில் இதற்கு நிகரான மூளை மிகச் சிலவற்றுக்கே உண்டு என்பதால் அந்தக் கேலியை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர், இறால் வடிவில் செய்த, வாலில் ஊசி வளையம் பொருத்திய செயற்கை இரையை எறிந்து, விட்டு விட்டுச் சுண்டி இழுத்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் கோல் வளைந்தது. “தம்பி, கிட்ட நிக்காதீங்க, மை அடிச்சிடும்” என்று எச்சரித்துவிட்டு, கணவாயின் நீர்க்குழல் கடலைப் பார்த்து இருக்கும்படி அதைத் திருப்பிப் பிடித்தார். அது கருமையான மையைப் பீய்ச்சி ஓய்ந்த பிறகுதான் பாலத்தில் இறக்கினார். உடலின் இரு பக்கமும் முழு நீளத்திற்கு ஓடும் அகன்ற துடுப்பைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இந்திய மீன்வள அறிஞர்கள் ‘பாக் விரிகுடாக் கணவாய்’ என்று குறிப்பிடும் அதே இனம்; மண்டபத்திலும் இராமேஸ்வரத்திலும் வலையில் ஏறுவது இங்கே தூண்டிலில் ஏறியிருக்கிறது.

பெரியவரிடம் அனுமதி கேட்டு, குனிந்து கைவிளக்கில் அதன் தோலைப் பார்த்தேன். கடுகளவும் அதற்குச் சிறியதுமான பழுப்புப் புள்ளிகள் விரிந்தும் சுருங்கியும் துடித்துக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் தொடங்கிய கருமை மறுமுனை வரை பரவி, உடனே வெளிறி, மறுபடியும் வந்தது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறமிப் பை. அதைச் சுற்றியுள்ள நுண்தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும், தளர்ந்தால் சுருங்கி மறையும். அந்தத் தசைகளை மூளை நரம்புகளின் வழியாக நேரடியாக ஆள்வதால்தான் கண் இமைக்கும் நேரத்தில் நிறம் மாறுகிறது. இத்தனை நிறம் காட்டும் கணவாய்களில் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒரே வகை நிறமிதான் உண்டு, ஆகவே நாம் காண்பதுபோல அவை நிறங்களைப் பிரித்துக் காண்பதில்லை என்பது ஆய்வாளர்களையே இன்னும் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி.

அதற்கு மூன்று இதயங்கள் உண்டு. இரண்டு செவுள்களுக்கும் ஒன்று உடலுக்குமாக அவை இயங்குகின்றன. இரத்தத்தில் இரும்புக்குப் பதிலாகச் செம்பு ஆக்சிஜனைச் சுமப்பதால் நிறம் நீலம். இவ்வளவு அமைப்போடு பிறந்தும் இந்த இனம் ஓராண்டுகூட வாழ்வதில்லை. கடற்புல்லிலும் பவளத்திலும் வெண்ணிற விரல்கள் போன்ற முட்டைக் கூடுகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடும். முட்டையிடும் பருவம் முடிவதோடு தாயின் வாழ்வும் முடிகிறது. குஞ்சுகள் யாரும் கற்றுத்தராமலே வேட்டையாடத் தொடங்குகின்றன.

மறுநாள் காலையில் அத்தையோடு தேக்கா சந்தைக்குப் போய்க் கணவாய் வாங்கி வந்தோம். அத்தை தலையைப் பிடித்து இழுத்ததும் குடலோடு கையில் வந்தது. உள்ளிருந்து கண்ணாடித் தகடு போன்ற முள்ளை உருவினார். ஓட்டுக் கணவாயாக இருந்திருந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பாலான வெள்ளை ஓடு இருந்திருக்கும். நாட்டு மருந்துக் கடைகளில் ‘கடல் நுரை’ என்ற பெயரில் சித்த மருத்துவத்திற்கு விற்கப்படுவது அதுதான். கைகளின் நடுவே அழுத்தினால் அலகு பிதுங்கி வெளியே வரும். கிளியின் மூக்கைத் தலைகீழாகப் பொருத்தியதுபோல இருக்கும். உணவுக்குழல் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு போவதால் கணவாய் எதையும் பெரிதாக விழுங்க முடியாது, இந்த அலகால் துணுக்கு துணுக்காகக் கடித்தே தின்ன வேண்டும்.

உடலுறையை நீளவாக்கில் பிளந்து விரித்தபோது, உட்சுவரில் நட்சத்திர வடிவில் ஒரு சிறிய நரம்பு முடிச்சைக் கண்டேன். அங்கிருந்து புறப்படும் நரம்பிழைகளில் பெரியது, சில இனங்களில் ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருக்கும்; உறைத் தசை முழுவதும் ஒரே நேரத்தில் சுருங்கி நீரைப் பீய்ச்சித் தப்பிக்க அந்தத் தடிமன் உதவுகிறது. ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அந்த இழைக்குள்ளேயே மின்முனையைச் செலுத்தி, நரம்பில் மின்துடிப்பு எப்படி ஓடுகிறது என்பதை 1952இல் விளக்கினார்கள். 1963இல் நோபெல் பரிசும் பெற்றார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் அத்தை அதை மஞ்சள் தண்ணீரில் அலசிவிட்டார். “ரெண்டு நிமிஷம் வதக்கணும், இல்லன்னா ஒரு மணி நேரம் வேகணும், நடுவுல எடுத்தா ரப்பருதான்” என்பது அவர் விதி. தசையை இறுக்கிக் கட்டும் கொலாஜன் என்ற புரதம் நெடுநேர வேக்காட்டில்தான் இளகும் என்பதால் அந்த விதி சரியானதே.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. காலையில் தேக்கா, பகலில் கெண்ட் ரிட்ஜ், இரவில் பெடோக் என்று வைத்துக்கொண்டால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். படகுத்துறையில் தூண்டில் போடுகிறவர்களைக் கேட்காமல் தண்ணீரில் விளக்கடிக்க வேண்டாம். வெளிச்சத்தின் நடுவே தேடாமல், வெளிச்சமும் நிழலும் சந்திக்கும் விளிம்பில் பாருங்கள். சிறு மீன்களுக்காகக் கணவாய் காத்திருப்பது அங்கேதான்.