எச்சார்: ஒரு மத்ரீத் நாட்குறிப்பு

2024 மார்ச் 4, திங்கள்

நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரான மூதாட்டி, இன்று காலை சில நிமிடங்களுக்குள் ‘எச்சார்’ என்ற ஒரே ஸ்பானிய வினைச்சொல்லை மூன்று வேலைகளுக்கு ஏவினார். அடுப்பில் கொதிக்கும் கொண்டைக்கடலையில் உப்பை ‘எச்சார்’ செய்யச் சொன்னார். வெளியே போகும்போது கதவுக்குச் சாவியை ‘எச்சார்’ செய்யச் சொன்னார். மதியம் தாம் ஒரு குட்டித் தூக்கம் ‘எச்சார்’ செய்யப்போவதால் சத்தமில்லாமல் வரவேண்டும் என்றார். என் பாடநூல் இச்சொல்லுக்குத் தந்திருக்கும் பொருள் ‘எறிதல்’ மட்டுமே. உப்பை எறியலாம், தூக்கத்தை எப்படி எறிவது?

2024 மார்ச் 6, புதன்

1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச அகாதெமியின் அகராதியை இணையத்தில் திறந்தேன். இச்சொல்லின் பதிவு முடிவில்லாமல் நீண்டுகொண்டே போனதால், பொருள்களை மனப்பாடம் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டு வேரை மட்டும் குறித்துக்கொண்டேன். எறிதலையும் வீசுதலையும் குறிக்கும் ‘யாக்தாரே’ என்ற லத்தீன் வினையே தேய்ந்து ‘எச்சார்’ ஆகியிருக்கிறது. பெருமையடித்துக்கொள்வதைக் குறிக்கும் ‘ஹக்தார்சே’ என்ற ஸ்பானியச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். நம் ஊரில் அதைச் செய்பவர் வீசுவதில்லை, அளந்துவிடுகிறார்.

2024 மார்ச் 9, சனி

இன்று இரவு தொலைக்காட்சியில் என்ன படம் ‘எச்சார்’ செய்கிறார்கள் என்று மூதாட்டி கேட்டபோது, என்னை அறியாமல் மனத்துக்குள் ‘என்ன படம் போடுகிறார்கள்’ என்று தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டேன். அந்தக் கணத்தில் முடிச்சு அவிழ்ந்தது. உப்புப் போடுகிறோம், பூட்டுப் போடுகிறோம், குட்டித் தூக்கம் போடுகிறோம். வண்டிக்குப் பெட்ரோல் போடுவதும், தபால்பெட்டியில் கடிதம் போடுவதும், மாதக் கடைசியில் வரவு செலவுக் கணக்குப் போடுவதும், அடுத்தவன்மேல் பழி போடுவதும் ஸ்பானியருக்கு ‘எச்சார்’தான். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரு மொழிகள், கையிலிருந்து ஒன்றை விடுவிக்கும் வினையை எடுத்து, ஏறத்தாழ ஒரே வீட்டு வேலைகளுக்கு அமர்த்திக்கொண்டிருப்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. அகராதி செய்யாத உதவியைச் சமையலறைத் தமிழ் செய்தது.

2024 மார்ச் 15, வெள்ளி

‘போடு’ என்பதை நம்பி எல்லா இடத்துக்கும் போய்விட முடியாது என்று இந்த வாரம் தெரிந்துகொண்டேன். திடீரென்று ஓடத் தொடங்குவதற்கும் அழத் தொடங்குவதற்கும் ஸ்பானியர் ‘எச்சார்’ சேர்க்கிறார்கள். நாம் ஓட்டமெடுக்கிறோம், குழந்தையோ அழுகையை ஆரம்பிக்கிறது. செடி வேர் விடுவதற்கும், பால் கெட்டுப்போவதற்கும் அவர்களுக்கு இதே சொல் வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னைத் திணறவைத்தது, ஒருவர் அருகில் இல்லாமல் ஏங்குவதைச் சொல்லும் ‘எச்சார் தே மெனோஸ்’ என்ற தொடர். ‘குறைவாக எறிதல்’ என்று அதைப் பிரித்தால் ஏக்கம் எங்கும் தட்டுப்படவில்லை. உண்மையில் இங்கே எறிதலே கிடையாது. போர்த்துகீசிய மொழியில் ‘அஷார்’ என்றால் கண்டறிதல். ‘அஷார் மெனோஸ்’ என்றால் ஒன்று குறைவதைக் கண்டறிதல். அந்தத் தொடரை வாங்கிக்கொண்ட ஸ்பானியர், தங்களுக்குப் பழகிய ‘எச்சார்’ என்பதையே அதில் கேட்டுவிட்டார்கள். லத்தீன் அமெரிக்காவில் பலரும் ‘எஸ்த்ரன்யார்’ என்ற வேறு சொல்லால் இந்தச் சிக்கலைத் தாண்டிவிடுகிறார்கள்.

2024 மார்ச் 19, செவ்வாய்

இச்சொல்லை எழுதும்போது முன்னால் ‘ஹெச்’ எழுத்தைச் சேர்த்துவிட்டதாக வகுப்பில் சிவப்பு மையால் சுழித்தார்கள். ஸ்பானியத்தில் அந்த எழுத்து ஒலிப்பதே இல்லை என்பதால், ‘செய்த’ என்று பொருள்படும், ‘ஹெச்’ வைத்து எழுதும் வேறொரு சொல்லும், ‘நான் எறிகிறேன்’ என்னும் எச்சாரின் வடிவமும் காதுக்கு ஒரேபோல ‘எச்சோ’ என்றுதான் கேட்கின்றன. ‘எச்சார் முதலில் எறிவது ஹெச்சைத்தான்’ என்று இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார்களாம்.

வீடு திரும்பியபோது, மறக்காமல் சாவி போடும்படி மூதாட்டி எழுதிவைத்த தாள் கதவில் ஒட்டியிருந்தது. அதில் ‘ஹெச்’ இருந்தது. பூட்டிவிட்டு, தாளை அப்படியே விட்டுவிட்டேன்.